பருத்திக்கொட்டை எண்ணெய் ஏறிய நாட்கள்

என் மனைவி தங்கத்தின் வயிற்றில் சுற்றிய கட்டுத்துணியில் காலையில் குடித்த கஞ்சி ஊறியிருந்தது.

நெருப்புக்காய்ச்சல் (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) குடலை ஓட்டையாக்கி, சத்திரசிகிச்சை செய்து பத்து நாள். தைத்த இடம் விட்டுப்போய், புரை (குடலிலிருந்து தோல்வரை துளை) விழுந்துவிட்டது. வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றார்கள். நரம்பு வழியாகச் சீனித்தண்ணீர் மட்டும். இரண்டு கிழமையில் எலும்பாகிவிட்டாள்.

“சீனித்தண்ணி காணாது. எண்ணெய்ச் சத்து வேணும்,” என்றார் டொக்டர்.

நான் மடையன். எங்கள் ஊர் கனகராயன்குளத்துக்கு ஓடினேன். எங்கள் எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெயைக் கொண்டுவந்து, நேர்ஸ் பாராத நேரம் இரண்டு கரண்டி பருக்கினேன். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற எங்கள் வீட்டில் அதுதான் கொடுப்பது. அரை மணித்தியாலத்தில் அது புரையால் வெளியே வந்தது.

“நரம்பில ஏத்திற எண்ணெயையெல்லோ சொன்னனான், ஐசே!” என்று டொக்டர் ஏசினார்.

“அப்ப இதை ஏத்துங்கோவன்.”

“பச்சை எண்ணெயை ஏத்தினா நுரையீரல் அடைச்சுச் செத்துப்போவா.”

பிறகுதான் விளக்கினார். எண்ணெயைப் பால்போல நுணுக்கிச் செய்த மருந்து இருக்கிறதாம். கொழும்பில் எடுக்கக்கூடியது பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்தது. நடுக்கமும் காய்ச்சலும் வரும், ஈரலும் கெடலாம். சோயா அவரை எண்ணெயில் செய்தது நல்லது என்று படித்திருக்கிறார். அது அந்தக் காலத்தில் இங்கே வரவில்லை. வராததை ஏன் எனக்குச் சொன்னார் என்று இன்றும் கோபம்.

தங்கத்திடம் சொன்னேன்.

“மாட்டுக்கு வைக்கிற பருத்திக்கொட்டையோ? ஏத்தச் சொல்லுங்கோ. பால் கறந்தா உங்களுக்குத்தானே லாபம்.”

மூன்றாம் போத்தலில் கட்டில் ஆட நடுங்கினாள். கண் மஞ்சளித்தது. நிறுத்தவா என்று டொக்டர் என்னைக் கேட்டார். நிறுத்தினால் பட்டினி. தொடர்ந்து ஏற்றினால் ஈரல் போய்விடும். நான் வயல் செய்கிறவன், எனக்கு என்ன தெரியும்?

“இஞ்சருங்கோ, பசியில மட்டும் என்னைச் சாகவிடாதேங்கோ,” என்றாள்.

“ஏத்துங்கோ,” என்றேன். மஞ்சள் கூடியதால் அடுத்த போத்தலோடு டொக்டரே நிறுத்திவிட்டார்.

ஒரு மாதத்தில் புரை மூடியது. எண்ணெயாலா, தானாகவா, டொக்டருக்கும் தெரியாது. நான் சரியாக முடிவெடுத்தேன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இப்போது ஆஸ்பத்திரி வாங்கில் குந்திக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எந்த எண்ணெய், என்ன செய்யும் என்று கேளுங்கள். விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். ஒளித்து எதையும் பருக்காதீர்கள்.

தங்கம் இப்போது சோறு தின்கிறாள். ஒரு பிடி விழுங்கிவிட்டு வயிற்றில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கை எடுபடும்வரை நானும் என் பிடியை வாயில் வைப்பதில்லை. நாங்கள் சாப்பிட்டு எழும்ப வெயில் சாய்ந்துவிடும்.