முறிமருந்து தீர்ந்த வாரம்

பல் மருத்துவமனையின் மேல்மாடி ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் பல்லுக்காரி. கீழே பிடுங்கிப் போடும் பற்களெல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். ஒட்டிய சதையைச் சுரண்டி, தலையை வெட்டி, வேர்நுனியை மெழுகால் அடைத்து, உள்ளே கிருமியை விதைப்பாள். பிறகு இருபத்தொரு நாள் அதற்குப் பணிவிடை. ஒன்றுவிட்டு ஒருநாள் ஊட்டநீரை மாற்றாவிட்டால் வேர்க்குழாயின் சுவரில் கிருமிப்படலம் ஒழுங்காகப் பிடிக்காது. ஞாயிறு, காய்ச்சல் எதையும் அது கேட்காது.

"கட்டின புருஷனைக்கூட இப்படிப் பாத்துக்கல" என்பாள்.

பத்து வருஷமாகத் தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கனவு கிடையாது.

பெரிய டாக்டர் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். படலம் பிடித்த குழாயில் மருந்தை விட்டு, பிறகு உள்ளே சுரண்டிய தூளை ஊட்டம் பூசிய தட்டில் தடவி, கிருமி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுரண்டுவதற்கு முன் முறிமருந்து ஊற்றி மருந்தின் வேகத்தை அடக்குவது முக்கியம். இல்லாவிட்டால் மிச்ச மருந்தும் தூளோடு வந்து, தட்டில் எதையும் முளைக்க விடாது. பல்லுக்குள் கிருமி பிழைத்திருந்தாலும் தட்டு பளிச்சென்று இருக்கும்.

நாற்பது பற்களைச் சோதிக்க வேண்டிய வாரம் பார்த்து முறிமருந்து தீர்ந்துபோனது. டாக்டரிடம் சொன்னாள்.

"அதுக்காக நிறுத்த முடியுமா? நடத்துங்க."

நாற்பது தட்டுகளும் சுத்தம். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் மறுபடி போய் நின்றாள்.

"உங்க வேலை நிரந்தரமாகிற கடிதம் என் மேசையிலதான் இருக்கு" என்றார் அவர். "இந்த நேரத்துல எதுக்கு வம்பு?"

வாயை மூடிக்கொண்டாள். மறுமாதம் உத்தரவு வந்தது. டாக்டரின் கட்டுரையும் வந்தது. மருந்து கீழே நோயாளிகளுக்குப் போனது.

அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி. கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை. நாற்காலியில் சாய்ந்தபடி, துணைக்கு வந்து நின்ற அவளைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, இந்த மருந்து நல்லதா?"

"நல்லதுதான்டா."

டாக்டர் பக்கத்தில் நின்றார் என்பதெல்லாம் சாக்கு.

மூன்றே மாதத்தில் அவன் முகம் ஒருபக்கமாக வீங்கி, கண் மூடிக்கொண்டது. பல்லைப் பிடுங்கினார்கள். வழக்கம்போல அது சீசாவில் மேலே வந்தது. இந்த முறை முறிமருந்தை ஊற்றிச் சுரண்டித் தடவினாள். இரண்டாம் நாள் தட்டு முழுக்க உப்புத் தூவியதுபோல் கிருமி முளைத்திருந்தது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"பிடுங்கும்போது எச்சில் பட்டிருக்கும். கழுவி வெச்சிடுங்க."

கழுவவில்லை. கழுவாமல் என்ன கிழித்தாள் என்றால், அலமாரியில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். வீக்கம் வடியாத வாயால் அவன் மெல்லப் பேசினான்.

"ஏங்க்கா மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? உன் மேல என்ன தப்பு? உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லாமலா இருந்திருப்ப?"