ஈறு நிறத்தில் ஒரு கை

எங்கள் தெருவில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் ஜூலியட் அக்காவின் பல்லால்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் சொந்தப் பல் விழவில்லை, அவ்வளவுதான்.

தஞ்சாவூர் பல் டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சு அக்காவின் முன் ரூமுக்கு வந்து பல் செட்டாகத் திரும்பிப் போகும். செட்டு போட்டவருக்கு அக்காவைத் தெரியாது. அக்காவுக்கோ எவருக்கு எந்தக் கடைவாய் தேய்ந்திருக்கிறது என்பது வரை தெரியும். கல்யாணப் பந்தியில் ஒரு பெரியவர் முறுக்கைக் கையில் எடுத்தால் போதும், அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முன் ரூமிலேயே பாதி நாள் கிடக்கிற பக்கத்து வீட்டுப் பெண் நான்; ஒரு தடவை மேல் செட்டு ஒன்றை டீக்கடை பிஸ்கட் பாட்டிலுக்குள் உட்கார வைத்துச் சிரிக்கவிட்டேன். டீக்கடைக்காரர் அலறியதைச் சொன்னால் இந்தக் கதை நகராது.

அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு பல் லேபில் பெருக்குகிற வேலைக்குப் போனவள். ப்ளாஸ்டர் தூசியைப் பெருக்கியவள் கொஞ்ச நாளில் ப்ளாஸ்டரைக் கரைத்தாள்; அப்புறம் பல் அடுக்கினாள். ஒரு கட்டத்தில் வேலை முழுக்க அவளுடையது, பெயர் மட்டும் முதலாளியுடையது. "பேரும் வேணும் சார்" என்று கேட்டாள். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அக்கா மெழுகுக் கத்தியும் பாலிஷ் மோட்டாரும் வாங்கி வீட்டு முன் ரூமில் மேஜை போட்டுவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது தெரு முதலில் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டது. பிறகு திமிர் என்றது. இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு, தெரு பழகிவிட்டது. அண்ணன் ஆல்பின்தான் பழகவில்லை.

அவர்களுடைய அப்பா லூர்துராஜ் இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப்போன வீடு அது. திருவையாறு ரோட்டைப் பார்த்த முன் ரூம் மட்டும் ஜூலியட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆல்பின் அண்ணன் இன்வெர்ட்டர் பேட்டரி விற்பவர். ரோட்டோரம் ஒரு ரூம், அதில் தங்கச்சி உட்கார்ந்து பல் தேய்க்கிறாள் என்பது அவர் கண்ணில் விழுந்த தூசி. 'ஆல்பின் பவர் சிஸ்டம்ஸ்' என்று தகரப் போர்டே எழுதி வாங்கிக் கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். இரண்டு பேட்டரி ஏற்கெனவே அக்காவின் மேஜைக்கடியில் வந்து குடியேறிவிட்டது.

இந்த நிலவரத்தில்தான் ரெக்கார்டு பிளேயர் வந்தது.

திருவிடைமருதூரில் ஹரிஹரசுப்ரமணியன் என்று ஒருவர். மகன் வீட்டோடு இருக்கப் பெங்களூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கீழ் செட்டு பேசும்போதெல்லாம் தாளம் போட்டதால் அக்கா நேரிலேயே போய்ச் சரிசெய்தாள். போன இடத்தில் கூடத்து மூலையில் அந்தப் பெட்டி. பேசி வாங்கிவிட்டாள். ஒரு நாதஸ்வர இசைத்தட்டும் சேர்த்துக் கொடுத்தார்.

"எதுக்குக்கா இது? போன்லதான் எல்லாப் பாட்டும் வருதே" என்றேன்.

"போன்ல பாட்டு நடுவுல ஒருத்தன் வந்து பற்பசை வாங்கச் சொல்றான்டி. நாள் முழுக்க பல்லைத்தான் பார்க்கறேன். பாட்டுலயும் பல்லா?" என்றாள். அப்புறம், குரல் இறங்கி, "அடுத்தவங்க வாய்க்குன்னு இல்லாம எனக்குன்னு வாங்கினது இதான்" என்றாள். இந்த இடத்தில் கிண்டல் செய்ய எனக்கு நல்ல வரி ஒன்று வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆனால் பெட்டி வீடு வந்து சேரும்போதே ஊனமாகத்தான் வந்தது. அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பாபநாசம் வளைவில் மேல் ரேக்கிலிருந்து ஒரு பூவன் தார் இறங்கி நேராகப் பெட்டி மேல் உட்கார்ந்தது. மூடி போனது. முள்ளைத் தாங்குகிற அலுமினியக் கை தலைப்பக்கம் முறிந்து, உள்ளே ஓடுகிற நாலு மயிர்க்கம்பிகளில் அறாத இரண்டின் புண்ணியத்தில் தொங்கியது. தார்க்காரர் பதறிப்போய் ஒரு சீப்புப் பழம் கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டாள்.

ஆல்பின் அண்ணன் பெட்டியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பழைய இரும்பு எடுக்கற பாய் வருவாரு. அதுக்குள்ள ஒரு பக்கம் முழுசா, குதிக்காம பாடினா இந்த ரூம் பக்கமே வர மாட்டேன். பாடலேன்னு வை, பெட்டி பாய்க்கு, ரூம் எனக்கு. என்ன சொல்றே?"

"ரூம் இப்பவே எனக்குத்தாண்ணே."

"பயப்படறியா?"

அக்கா மேஜைக்கடியில் இருந்த பேட்டரிகளைப் பார்த்தாள். சும்மா இருந்தால் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். "ஒரு பக்கம். முழுசா. அண்ணி சாட்சி" என்றாள். அடுப்படியிலிருந்து அருள்மேரி அண்ணி, "என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றாள்.

அக்கா அந்தக் கையை உடைந்த தாடை மாதிரித்தான் நடத்தினாள். அறுந்த கம்பிகளுக்குப் பதில் ஒரு இயர்போனை அறுத்து, உள்ளே இருந்த இழைகளைப் பற்ற வைத்தாள். இயர்போன் என்னுடையது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. பிறகு கையை நேராகப் பிடித்து, கோணாமல் இருக்க ப்ளாஸ்டரில் படுக்க வைத்து, முறிவைச் சுற்றிப் பல் செட்டுக்கு ஈறு செய்கிற பவுடரைக் குழைத்துப் பூசினாள். அது இறுகியதும் சாணை பிடித்தாள். வெள்ளிக் கையின் தலைப்பக்கம் பளபளவென்று ரோஸ் நிறத்தில் ஈறு.

"வேற கலரே இல்லையாக்கா?"

"இருக்கு. பல்லு கலர்."

பூச்சினால் முன்பக்கம் கனத்துவிட்டது. பின்பக்க எடையைக் கடைசி வரை தள்ளியும் பற்றவில்லை. வடவாற்றில் தூண்டில் போடுகிறவரிடம் ஒரு ஈயக்குண்டு வாங்கிப் பின்னால் கட்டினாள். பவுடர் நிறுக்கிற குட்டித் தராசில் முள்ளை இறக்கி, குண்டை முன்னும் பின்னும் நகர்த்தினாள். "செட்டு அழுத்தினா ஈறு புண்ணாகும். அழுத்தாட்டி கழண்டு விழும். இதுக்கும் அதே நியாயந்தான்" என்றாள். ஆக, முன்னால் மனுஷ ஈறு, பின்னால் மீன் பிடிக்கிற ஈயம்.

சனிக்கிழமை முள்ளைத் தட்டில் வைத்தாள். ஒரு கரகரப்பு, அப்புறம் நாதஸ்வரம் எழுந்தது. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சரியாக அப்போது கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டில் போனது. அறுவடைக் காலத்தில் எங்கள் தெரு முழுக்க இந்தக் குலுக்கல்தான். தரை அதிர்ந்தது, அலமாரியில் ப்ளாஸ்டர் தாடைகள் எல்லாம் ஒன்றையொன்று கடித்தன, முள் துள்ளிப் பாட்டின் கடைசிக்கே போய்விட்டது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு இளையபெருமாள் மாமா ஓடிவந்தார். மைக் செட் வைத்திருந்தவர். இந்தப் பக்கம் எத்தனையோ கல்யாணங்களைக் கத்தவைத்த மனிதர்.

"அட, இதுக்கா முழிக்கறீங்க? முள்ளு தலையில அஞ்சு ரூபாய் காசு வை. பந்தல்ல மாப்பிள்ளை தோழனுங்க ஆடுவானுங்க பாரு, பூமியே குதிக்கும், எங்க முள்ளு குதிக்காது."

"வேணாம் மாமா, ஒட்டு இன்னும் பச்சையா இருக்கு" என்று அக்கா சொல்வதற்குள் பழக்கப்பட்ட கை காசை வைத்துவிட்டது. அடுத்த லாரி வந்தது. முள் குதிக்கவில்லை, அதுவரை சரி. குதிக்க முடியாத குலுக்கல் அத்தனையும் ஒட்டில் இறங்கியது. டக். கை தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

கதவோரம் நின்ற ஆல்பின் அண்ணன், "மாமா, காசை எடுத்துக்கிட்டுப் போங்க. பாய் காசு கொடுத்துத்தான் எடுப்பாரு" என்றார். மாமாவின் முகம் செத்துவிட்டது. "எங்க செட்டுல இப்படி ஆனதே இல்லம்மா..."

"உங்க செட்டு கை இரும்பு மாமா. விடுங்க" என்றாள் அக்கா. ஒட்டைக் கையில் வைத்துப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "கை மேல தப்பில்ல. தரை மேலதான் தப்பு." பிறகு நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள்.

அங்கே தொட்டில் கொக்கி இருந்தது. ஆல்பின் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் தூங்கிய கொக்கி. அதற்கு முன்னால் ஆல்பின் அண்ணனும் அக்காவும். அவர்கள் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரு தடவை அந்தக் கொக்கியைப் பார்ப்பார்கள், அப்புறம் அக்காவைப் பார்ப்பார்கள், அப்புறம் பெருமூச்சு விடுவார்கள்.

அன்று சாயங்காலமே ஒட்டை மறுபடி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடே பூசைக்குக் கிளம்பியபோது அக்கா ஸ்டூல் மேல் நின்று கொக்கியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நாலு மூலையிலும் ஓட்டை போட்ட பலகை ஒன்று கீழே காத்திருந்தது.

அருள்மேரி அண்ணி பதறினாள். "ஏய் ஜூலியட், அது தொட்டில் கொக்கி! வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது, தெரியாதா உனக்கு?"

"ஆட்டப் போறதே இல்ல அண்ணி. ஆடாம இருக்கத்தான் தொங்கவிடறேன்."

"பூசைக்கு வரலியா நீ?"

"சாமியார் கேட்டா சொல்லுங்க, இங்கயும் ஒருத்தருக்கு எலும்பு சேர வேண்டியிருக்குன்னு."

பூசை விட்டதும் ஹாஜா மைதீன் பாய் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். தெருவே பின்னால் நின்றது. இளையபெருமாள் மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். காசு வைக்கக் கை பரபரக்கும் என்று அவருக்கே பயம். பெட்டியைச் சுமந்துகொண்டு பலகை நெஞ்சு உயரத்தில் தொங்கியது. அக்கா விரலால் தொட்டு அதை நிறுத்தினாள். முள்ளை இறக்கினாள்.

நாதஸ்வரம் மெதுவாக நடந்தது. லாரி வந்தது. தரை அதிர்ந்தது, தாடைகள் கடித்துக்கொண்டன, பாய் வண்டியில் கிடந்த தகர டின் கூடக் கூவியது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு லாரி. ரோஸ் ஈறு அசையவே இல்லை. முள் தட்டின் நடுவை நெருங்கும்போது ஆல்பின் அண்ணன் நிலைப்படியில் ஒரு காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி மிதித்தார். முள் குதிக்கவில்லை. இன்னொரு மிதி.

"ஏங்க!" அருள்மேரி அண்ணியின் குரல் நாதஸ்வரத்தைத் தாண்டி வந்தது. "புள்ள தூங்கறப்ப இப்படித்தான் மிதிப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அண்ணிக்கே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் கூட. அண்ணன் காலை இறக்கி வைத்தார். தட்டு தீர்கிற வரை அந்தக் காலை அவர் நகர்த்தவில்லை.

முடிந்ததும் பாய்தான் முதலில் பேசினார். "மறுபக்கம் இருக்காம்மா?"

"இருக்கு பாய். உக்காருங்க" என்ற அக்கா, தட்டைப் புரட்டுவதற்கு முன்னால் குனிந்து ஒரு பேட்டரியை இழுத்து அண்ணன் காலடிக்கு நகர்த்தினாள். இன்னொன்றை அவரே வந்து இழுத்துக்கொண்டார்.

வந்த பாய் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று நான் கொல்லைக்குப் போய்த் தகரப் போர்டை எடுத்துவந்து வண்டியில் ஏற்றினேன். ஆல்பின் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"இறக்குடி அதை" என்றாள் அக்கா.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அண்ணன் மேல் இப்போது என்ன இரக்கம் வேண்டிக்கிடக்கிறது?

அக்கா போர்டை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் பெயிண்ட் அடிக்காமல் வெறுமையாக இருந்தது. அதைக் கொண்டுபோய் ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு மேல் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஜூலியட் பல் செட். நல்லாப் பெருசா எழுதச் சொல்லணும்" என்றாள். "அண்ணே, யாருகிட்ட எழுதி வாங்கினீங்க? கையெழுத்து நல்லா இருக்கு."