ராகுகாலம் கழியும்வரை நின்ற லாரி

வெள்ளிக்கிழமை காலை பூஜையை முடித்துவிட்டு, வழக்கம்போல மாணிக்கம் அண்ணனுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினேன்: "அண்ணே, விளக்குப் பெட்டி இன்னும் கிள்ளான் துறைமுகத்துலதானா?" பதில் அவர் மகளிடமிருந்து வந்தது. "அப்பா நேத்து ராத்திரி தவறிட்டாங்க ஆன்ட்டி. பெட்டி விஷயம் நான் கேட்டுச் சொல்றேன்." சாவு வீட்டில் போய் நான் சரக்குக் கேட்டிருக்கிறேன்.

கோயிலுக்கு வருகிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பட்டர்வொர்த்தில் சிறிய அலுவலகம் வைத்து, கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துத் தருபவர். நம் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து வந்த அத்தனையும் அவர் வழியாகத்தான் வந்தன. கோயில் சாமான் கணக்கு என் பொறுப்பு. வராத ஒவ்வொன்றுக்கும் அவரைத்தான் பிடுங்கி எடுப்பேன்.

கும்பாபிஷேகத்துக்குக் கலசங்கள் வராமல் தவித்த நாட்களில் ஒருமுறை கேட்டேன்: "செங்கடல்ல சண்டைன்னா மெட்ராஸ்லேருந்து வர்றதுக்கு என்னண்ணே? அது இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"ஐரோப்பாக் கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு வருது தங்கச்சி. நாள் தவறி எல்லாம் ஒண்ணா கிள்ளான்ல வந்து நிக்குது. ஒரே ஜாம் லா. நம்ம பெட்டி அங்க இறங்கி வேற கப்பல் ஏறணும். கலசம் இருக்கு, வழிய விடுங்கன்னு நான் போய் சங்கா ஊத முடியும்?"

முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு அதன் பிறகு சரக்குக்குச் சொன்னவர்கள் நாங்கள். அதை அவர் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை.

கடைசியில் கலசங்கள் வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லாரி துறைமுகத்துக்குள் போக முறை கிடைத்திருக்கிறது என்றார். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தேன். "ராகுகாலம்ணே. பன்னெண்டுக்கு மேல எடுங்க."

"துறைமுகத்துல யாரும்மா ராகுகாலம் பார்க்கிறா?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு, "சரி, உன் மனசுக்கு ஒப்பலைன்னா விடு" என்றார்.

முறையை விட்டுக்கொடுத்தார். அடுத்த முறை சாயங்காலம்தான் கிடைத்தது. அதுவரை ஓட்டுநரோடு வெயிலில் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கடற்பாலம் தாண்டித் தீவிலிருக்கும் நம் கோயிலுக்கு வந்து இறங்கியபோது முகம் கறுத்திருந்தது. "தண்ணி இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். "இதோ" என்று சொல்லிவிட்டு, கற்பூரத் தட்டை எடுக்கப் போனேன். பெட்டிகளுக்கு ஆரத்தி காட்டி, எண்ணிச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினால், கால் கழுவும் குழாயில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்.

துக்கத்துக்குப் போனபோது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று அவரை வெயிலில் நிற்கவைத்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்குமென்றும் நினைத்தேன். "நெஞ்சு வலி ரொம்ப நாளா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா, இந்தப் பெட்டி வரட்டும், அந்தப் பெட்டி வரட்டும்பாரு. உன் பெட்டி ஒண்ணுதானா? நீயா எதையாச்சும் இழுத்துப் போட்டுக்காத" என்றார். என் பெட்டியும் அதில் உண்டு என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

பதினாறாம் நாள் ஆகுமுன்பே விளக்குப் பெட்டி வந்தது. தகப்பனை எரித்த சூடு ஆறாமல், அந்தப் பெண்ணே காகிதங்களில் கையெழுத்திட்டு லாரியோடு கோயில் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் வெளியே நின்றாள். "தீட்டு வீட்டுக்காரங்க கைபட்டது. காரியம் முடியட்டும், அப்புறம் இறக்கலாமே?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே இந்த மாதிரி விஷயங்களில் கண்டிப்பானவள் நான்தான்.

"இறக்குங்க" என்றேன். யாரும் நகரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அந்தப் பிள்ளையை நிழலுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். விளக்குகளை வேறு யாரோ எண்ணினார்கள்.

நான் செய்தது சாஸ்திரப்படி தப்பா சரியா என்று எனக்குத் தெரியாது. என் நம்பிக்கைக்காக ஒரு பகல் முழுதும் வெயிலில் நின்றவர், அதை ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். கனமாகத்தான் இருக்கிறது. அதை இறக்கிவிடு என்று நான் சாமியிடம் கேட்கவில்லை.