சீடியில் ஒட்டிய பொட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் இரண்டு வருடம்தான் போனேன்.

நேற்றுப் பேத்தி அபி அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். திறந்ததும் பழைய பிளாஸ்டிக் மணம் வந்தது.

"அம்மம்மா, இந்த வீசிடி ஒண்டும் இனி ஓடாது. எறியட்டோ?"

அவை என் கணவர் சேர்த்த படங்கள். அப்போது நாங்கள் இருந்த கொழும்பு வெள்ளவத்தையில் எல்லோரும் டிவிடிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். "ஐயா, அதில முழுப்படமும் ஒரே சீடியில வருது. நீங்கள் இன்னும் ரெண்டோட மினக்கெடுறியள்" என்பார் மேல்மாடிக்காரர்.

"சீடி மாத்தேக்க தேத்தண்ணி குடிக்கலாமெல்லோ?" என்பார் இவர்.

மாற்றுவது என் வேலை. பெயர் வாசிக்கத் தெரியாததால் அடையாளத்துக்கு ஒட்டுப்பொட்டு ஒட்டினேன், அதுவும் படம் பதிந்திருக்கும் மினுங்கும் பக்கத்தில். வீடு நிறைய ஆட்கள் இருந்த ஒரு பின்னேரம் பிளேயர் கறகறவென்று கத்தி நின்றது. மேல்மாடிக்காரர் சீடியை எடுத்துத் திருப்பினார், அடியில் என் பொட்டு. எனக்கு வாசிக்கத் தெரியாத குட்டு உடையப்போகிறதே என்று கூசினேன்.

"அது நான்தான் ஒட்டினனான்" என்றார் இவர்.

"ஐயா எப்ப தொடக்கம் பொட்டு வைக்கிறவர்?" என்று மேல்மாடிக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

மறுநாள் ஒவ்வொரு உறையிலும் படத்தின் பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைத்தார். தூசி தட்டத் தட்ட, அந்தப் பெயர்களிலேயே நான் வாசிக்கப் பழகினேன்.

டிவிடிதான் கடைசியில் வென்றது. இருந்தாலும் பெட்டி இங்கேயே இருக்கட்டும்.

அபி, இந்தக் கதையை நானே என் கையால் எழுதினேன். ஒருக்கால் சத்தமாய் வாசி பிள்ளை, கேட்பம்.