மச்சான் கையில் கயிறு

1991 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு ஐம்பது. பம்மலை ஒட்டிய பழைய கல்குவாரியின் அடியில் ஜெயவேலு நின்றிருந்தான். எதிரே அறுபத்திரண்டு அடி உயரச் செங்குத்துப் பாறை. பதினோரு வருடம் அதில் கயிற்றில் தொங்கி வெடிக்குழி போட்டவன் அவன். குவாரி மூடிய பிறகு, ஞாயிறுதோறும் அங்கே வந்த மலையேற்றச் சங்கத்தாருடன் சேர்ந்து இருபத்தாறு முறை ஏறியிருந்தான். ஒருமுறைகூட எட்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. இன்று பத்து நிமிடத்துக்குள் ஏறினால் சங்கத்தில் பயிற்சியாளர் வேலை.

வேலை கிடைக்காதோ என்பதல்ல அவன் பயம். கயிறு யார் கையில் என்பதுதான்.

இடுப்பில் கட்டிய கயிறு மேலே போய், உச்சியிலுள்ள இரும்பு வளையத்தில் நுழைந்து மறுபடி தரைக்கு வரும். அந்த முனையை ஒருவன் பிடித்து, இவன் ஏற ஏற இழுத்துக்கொள்ள வேண்டும். குவாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமானவனுக்கு அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிக்கலாம். கூடப் பிறந்தவளின் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த இருபத்தாறு முறையும் பிடித்தவன் ஜெயவேலுவின் மனைவி செல்லியம்மாளின் அண்ணன் சிட்டிபாபு.

பதினெட்டு நாள் முன்பு, தைப்பூசத்தன்று, பொண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான் என்று யாரோ கேலி செய்ய, ஜெயவேலு தெருவில் வைத்து அவளை அறைந்துவிட்டான். அவள் அப்படியே படப்பைக்கு, தாய் வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் சிட்டிபாபு வாசலில் வந்து நின்றான். "என்னிக்கினாலும் உன் உசுரு என் கையிலதாண்டா வந்து நிக்கும். அன்னிக்கிப் பேசிக்கிறேன்."

இன்று அழைக்காமலே வந்து கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நான் பிடிக்கிறேனே, ஜெயவேலு. டைம் ஆயிடுத்து," என்றார் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன். குரோம்பேட்டைக்காரர், பேங்க் குமாஸ்தா.

"இன்னா சார், நான் உசுரோட கீறப்போ நீ புடிப்பியா?" என்றான் சிட்டிபாபு.

வேடிக்கை பார்த்த பழைய கூலியாட்கள் சிரித்தார்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். மச்சான் என்னைக் கொன்றுவிடுவான் என்று நாற்பது பேர் முன் எப்படிச் சொல்வது? ஜெயவேலு ஏறினான்.

வழக்கமாகக் கதவுக் கைப்பிடியைத் தொடுவதுபோலப் பாறையைத் தொடுபவன், இன்று அதை இறுக்கிக் கவ்வினான். இரண்டடிக்கு ஒருமுறை நின்று கயிறு தளர்கிறதா என்று பார்த்தான். கீழே சிட்டிபாபு கை மாற்றிப் பிடித்த நொடியில் கயிறு லேசாகத் தொய்ந்தது. ஜெயவேலு பாறையோடு ஒட்டிக்கொண்டான். இருபதடி ஏறவே நாலு நிமிடம் ஆயிற்று.

நாற்பத்தோராவது அடியில் இடது கால் தையல் மிஷின்போல ஆடத் தொடங்கியது. முன்கை கல்லாகிவிட்டது. மேலே இருந்த பிடி இருபத்தாறு முறை பிடித்த பிடிதான். அதற்குக் கை நீளவில்லை.

"இன்னாடா, பாறைய கட்டிகினு குடித்தனம் பண்றியா?" என்று கத்தினான் பழைய கூட்டாளி ரத்தினம்.

பத்தாவது நிமிடத்தில் விரல்கள் தாமாகவே விட்டன.

ஒன்றரை அடிதான் விழுந்தான். கயிறு விண்ணென்று நின்றது. கண் திறக்க வெகுநேரமாயிற்று. கீழே சிட்டிபாபு கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலைப் பாறையில் உதைத்து, மல்லாந்து கிடந்தான். உள்ளங்கையில் ரத்தம்.

"கல்லப் பாருடா மாப்ளே! கயித்த நான் பாத்துக்கிறேன்."

மீதி இருபத்திரண்டரை அடியை ஜெயவேலு ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் ஏறினான். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் இருபத்தைந்து விநாடி. ஸ்ரீநிவாசராகவன் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

தரைக்கு இறங்கியதும் சிட்டிபாபுவே முடிச்சை அவிழ்த்தான்.

"வுட்டுருவேன்னு நென்ச்சியா?"

ஜெயவேலு அவிழ்ந்த கயிற்றை எடுத்துச் சுருட்டப் பார்த்தான், விரலில் நிற்கவில்லை.

"அட்ச்ச கைதான நடுங்குது? நடுங்கட்டும். செல்லி வாசல்ல குந்திகினு கீது. அம்மாவும் கீது. கெளம்பு."

படப்பை பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது ஜெயவேலுவின் இடது கால் மறுபடி ஆடத் தொடங்கியது. இடுப்பில் கயிறு எதுவும் இல்லாமல் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.