சசிகுமார் சொன்ன தேதி

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவன் யாரையும் நம்பக் கூடாது. நம்பினால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டான். சசிகுமார் பதினோரு வருஷமாகத் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தான் என்றால் ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்காரன் கேட்ட பனியன் சொன்ன தேதியில் கப்பல் ஏற வேண்டும். அதுதான் அவன் வேலை. அதற்குள் நூல் வர வேண்டும், மெஷினில் பின்னித் துணி ஓட்ட வேண்டும், சாயம் ஏற வேண்டும், பிரிண்ட் அடிக்க வேண்டும், தைத்துப் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு வேலையும் ஒவ்வொருவன் கையில். எல்லோரும் "நாளைக்குக் குடுத்தர்றனுங்க" என்பார்கள். எவனும் கொடுக்க மாட்டான். அதனால் சசிகுமார் எல்லோரிடமும் தேதியை முன்தள்ளித்தான் சொல்வான். இருபதாம் தேதி துணி வேண்டுமென்றால் பதின்மூன்று என்பான். சாயப்பட்டறைக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? பதின்மூன்று என்று காதில் விழுந்ததுமே இருபது என்று மனசுக்குள் குறித்துக்கொள்வான். ஊரே இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. கையில் நாலு நாள் வைத்துக்கொள்வது என்பார்கள்.

இந்தப் புத்தி வேலையோடு நின்றிருந்தால் தேவலை. வீட்டிலும் அதே கதைதான். ஆறு மணி பஸ்ஸுக்கு ஐந்து மணி பஸ் என்பான். அவன் மனைவி தமிழ்மதி, "உங்க கடியாரமே தனிங்க" என்று சொல்லிவிட்டு, நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருப்பாள். கடையில் பழம் வாங்கினால் தராசின் அடியில் குனிந்து பார்ப்பான். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், எதற்குச் சிரித்தான் என்று வீட்டுக்கு வந்து யோசிப்பான்.

அப்படிப்பட்டவனுக்கும் மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். எல்லாம் சைக்கிளால் வந்தது. பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் சுரேந்தர்தான் முதலில் கோயமுத்தூர் போய், தடித்த டயரும் கியருமாக ஒரு மலையேறும் சைக்கிள் வாங்கி வந்தான். அதைப் பார்த்துச் சசிகுமார் வாங்கினான். பிறகு சாயப்பட்டறை லேபில் வேலை செய்யும் முகிலன். கடைசியாக, அனுப்பர்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொங்கியண்ணன். ஐம்பதைத் தொட்டவர், தொந்தியும் உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் சைக்கிள் வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று திட்டம் போடுவது சசிகுமார் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, அவனே எடுத்துக்கொண்டது. எந்த ரோட்டில் லாரி குறைவு, குண்டடம் பக்கம் காற்று எந்த நேரத்தில் எதிரே அடிக்கும், பஞ்சர் ஆனால் எந்தக் கடையைத் தட்டி எழுப்பலாம், எல்லாம் அவனுக்குத் தெரியும். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றை யோசிக்க ஆரம்பித்துவிடுவான். அந்த யோசனை இல்லாவிட்டால் அவனுக்கு வாரம் நகராது. அவ்வளவு ஆசை. ஆனால் ஆசைப்பட்ட இடத்திலும் கை சும்மா இருக்க வேண்டுமே! ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் முகிலனிடம் ஐந்தேகால் என்பான், சுரேந்தரிடம் ஐந்து, பொங்கியண்ணனிடம் நாலே முக்கால். மேடு ஏறும்போது பொங்கியண்ணன் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால், உச்சியில் நின்று வாட்சைப் பார்ப்பான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். அந்தப் பார்வையே போதும்.

இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவில் என்னவோ முறிந்து, திருப்பூரில் ஆர்டர் படுத்துக்கொண்டது. மெஷின்கள் பாதி நாள் மூடியே கிடந்தன. சரி, இப்போது விட்டால் எப்போது என்று சசிகுமார் தன் பெரிய ஆசையை எடுத்து வெளியே வைத்தான். வால்பாறை. ஆழியாறு வரை டெம்போவில் சைக்கிள்களை ஏற்றிப் போய், அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் மிதித்தே ஏறுவது. மேலே ஒரு ராத்திரி தங்கல். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

லாட்ஜுக்குப் போன் போட்டு டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி ஞாயிறுக்கு ரூம் சொல்லிவைத்தான். சிநேகிதர்களிடம் பதினாலு என்றான். "காலைல அஞ்சு மணி. பல்லடம் ரோடு, சின்னான் டீக்கடை." பதினாலாம் தேதி நெருங்கும்போது எவனாவது பிரேக் சரியில்லை என்பான், எவனாவது லீவு கிடைக்கவில்லை என்பான். அப்போது "ரூம் கிடைக்கலையாமா, அடுத்த வாரம் போலாங்க" என்று ஒரு போன் போட்டால் முடிந்தது. இருபத்தொன்றுக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள். கப்பலையே ஏற்றிவிடுகிறவனுக்கு மூன்று சைக்கிள் எம்மாத்திரம்?

ஆனால் அந்தத் தடவை எவனும் ஒரு சாக்கும் சொல்லவில்லை. அங்கேதான் சசிகுமாருக்கு முதல் உறுத்தல். சாக்குச் சொல்லாதவன் வரப்போவதில்லை என்பது அவன் தொழில் கண்ட உண்மை.

அடுத்து, நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. சுரேந்தருக்கு அவசர பிரிண்டிங். முகிலனுக்குக் காதுகுத்து. பொங்கியண்ணனுக்குக் கடையில் சரக்கு இறங்குகிறது. ஆர்டரே இல்லாத ஊரில் என்ன அவசர பிரிண்டிங்? சசிகுமார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாம்பிள் துணிக்குக் கலர் பார்க்கிற சாக்கில் சாயப்பட்டறைக்குப் போனான். முகிலனின் சைக்கிள் சுவரோரம் நின்றது. மட்கார்டு அடியில் செம்மண். காதுகுத்து நடந்ததாகச் சொன்ன குண்டடத்தில் கரிசல் அல்லவா? துணியில் கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தப்புமா?

அந்த வாரமே சுரேந்தர் வீட்டுக்குப் போனான். சுரேந்தரின் அம்மா தெய்வாத்தாள் ராகி ரொட்டி சுட்டு, மேலே ஒரு கட்டி வெண்ணெய் வைத்துக் கொடுத்தார்.

"நல்ல வெண்ணெயா இருக்குதுங்களே."

"ஊத்துக்குளி வெண்ணெய் கண்ணு. ஞாயித்துக்கிழமை சுரேந்தரு வாங்கியாந்தான்."

ரொட்டியைத் தட்டில் வைத்தான். ஊத்துக்குளியில் செம்மண். ஊத்துக்குளியில் மலைக்கோயில் ஏற்றம். வாரா வாரம் மூன்று பேரும் இவனை விட்டுவிட்டு அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்! பொங்கியண்ணன் கடைக்குப் போனான், அவர் பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டைப் புதிய ஓட்டையில் மாட்டியிருந்தார். நாற்பது இன்ச் இடுப்பு முப்பத்தெட்டாகியிருந்தது. அளவு எடுக்காமலே சொல்வான் சசிகுமார். இவன் உள்ளே நுழைந்ததும் போனில் பேசிக்கொண்டிருந்தவர், "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

அவனுக்கு நெஞ்சு எரிந்தது. எதற்காக ஒதுக்குகிறார்கள்? சுரேந்தர் முதலாளி, நான் சம்பளக்காரன் என்பதாலா? முகிலனின் சாயத்தை இரண்டு தடவை ரிஜெக்ட் பண்ணியதாலா? ரோடெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான், இப்போது ரோடு தெரிந்துவிட்டது, ஆள் வேண்டாமாக்கும். தமிழ்மதியிடம் புலம்பினான்.

"நேரா ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்களேன்" என்றாள் அவள்.

"கேட்டா உண்மையச் சொல்லீருவாங்களாக்கும்!"

வெள்ளிக்கிழமை முகிலன் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் ரெடிதானுங்களே?" குரலில் ஒரு குதூகலம். நக்கல் என்று சசிகுமாருக்குத் தோன்றியது.

"எனக்கென்னங்க, நான் எப்பவுமே ரெடி" என்றான் இவன், வேண்டுமென்றே.

தேதியை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டிய போன் அது. சொல்லவில்லை. வராதவர்களுக்கு எதற்குத் தேதி மாற்ற வேண்டும்? காலையில் ஆளுக்கொரு சாக்கோடு கூப்பிடட்டும், எடுக்கவே கூடாது என்று சனிக்கிழமை போனை அணைத்துவிட்டுப் படுத்தான்.

ஞாயிறு, நன்றாக விடிந்த பிறகு எழுந்தான். சும்மா இருக்க முடியவில்லை. மறுபடி ஊத்துக்குளிக்குத்தான் போயிருப்பார்கள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று சுரேந்தர் வீட்டுக்குப் போனான். தெய்வாத்தாள் வாசலிலேயே அவனைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"ஏங் கண்ணு, நீ போகலையா? மூணு பேரும் இருட்டோடவே டெம்போவுல சைக்கிள ஏத்திக்கிட்டு வால்பாறைக்குப் போனாங்களே. சசி சொன்ன நேரத்துக்குப் பிந்தக் கூடாதுன்னு ஒரே பறப்பு."

சசிகுமார் வண்டியைத் திருப்பிப் பல்லடம் ரோட்டுக்கு விட்டான். டீக்கடைச் சின்னான் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"ஏனுங், உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே? உங்களுக்காக எத்தன நேரம் உக்காந்திருந்தாங்க! போனும் போகலீங்களாமா. நீங்க நேரா ஆழியாத்துக்கே போயிருப்பீங்கன்னு கெளம்பீட்டாங்க. பொங்கியண்ணன்தானுங்க மொத ஆளு. நான் அடுப்புப் பத்த வெக்கறதுக்கு முன்னாலயே பெஞ்சுல உக்காந்திருந்தாரு. 'இன்னைக்கு சசிக்கு வாட்சு பாக்கற வேலையே இல்ல'ன்னு ஒரே சிரிப்பு. வாரா வாரம் ஊத்துக்குளி மலையில ஏறிப் பழகுனாங்களாமா, உங்களுக்குத் தெரியாம. உங்ககூடவே நிக்காம ஏறோணும்னு."

சசிகுமார் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். சின்னான் வைத்த டீ ஆறிப்போனது. போனைப் போட்டான். ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. காட்டு ரோடு, எங்கே கிடைக்கும்? வீட்டுக்கு வந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது.

மத்தியானம் போன் வந்தது. லாட்ஜ் போனிலிருந்து சுரேந்தர்.

"சசி, நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலையே?" முதலில் அதைத்தான் கேட்டான். "ஏறிட்டோமுங்க. நாப்பதும். பொங்கியண்ணன் ஒரு எடத்துலகூட எறங்கலீங்க. இங்க வந்தா, சசிகுமார் பேர்ல ரூம் இருக்குது, ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமைக்குங்கறாரு லாட்ஜ்காரரு."

சசிகுமார் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றான்.

"நீங்க சொல்ற தேதிய நாங்க எப்பவுமே தள்ளித்தான் கணக்குப் போடுவோம். அதுல ஒண்ணும் வருத்தமில்லீங்க, நானும் அதே தொழில்தான? இந்த ஒருக்கா மட்டும் அப்படியே நம்புனோம். சசி ஆசைப்பட்ட பயணம், இதுல போயி நம்மகிட்டப் பொய் சொல்ல மாட்டாருன்னு பொங்கியண்ணன்தான் சொன்னாரு."

"நான் இப்பவே கிளம்பி வந்தர்றனுங்க, சுரேந்தர்."

போன் கை மாறியது. பொங்கியண்ணன் குரல், மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "எத்தன மணிக்கு வருவீங்க, சசி?"

பஸ் எட்டு மணிக்குத்தான் போய்ச் சேரும். அவன் வாயில் ஏழு என்று வந்தது. விழுங்கிக்கொண்டு, "எட்டுங்கண்ணா" என்றான்.

அந்தப் பக்கம் மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"நெசமான எட்டுங்களா?" என்று கேட்டார் பொங்கியண்ணன். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நெசமான எட்டுங்கண்ணா" என்பதற்குள் சசிகுமாருக்கு அழுகை வந்துவிட்டது. தமிழ்மதி பையில் ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள்.