காஜா மெஷினுக்காக மாற்றிய டோக்கன்

ஒரு மணி நேரத்துக்கு எழுபது சட்டை. இருபத்தாறு மெஷின்களையும் இருபத்தாறு பெண்களையும் ஒன்பது வருடமாக அந்த எண்ணுக்குள் இழுத்துப் பிடித்து வைத்திருப்பவர் மூன்றாம் லைனின் சூப்பர்வைசர். வயது நாற்பத்தாறு. மெஷின் சத்தத்துக்கு மேல் போகும் குரல். லைனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. காலர் தைப்பவள் காலர், பாக்கெட் தைப்பவள் பாக்கெட், பட்டன் துளை போடுகிறவள் காஜா. சூப்பர்வைசர் மட்டும் எல்லோருக்கும் அக்கா. அவர் தலை மறைந்ததும் வேறு பெயர் உண்டு என்பது அவருக்கும் தெரியும்.

தையல் ஆலைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வருகிறது என்றதும் லைனில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போய்க் காட்டணும்?" என்றாள் பாக்கெட்.

அக்காவின் சித்தியும் அப்படித்தான் சொன்னார். உதிரம் போகத் தொடங்கிய பிறகும் வெட்கப்பட்டு இரண்டு வருடம் மறைத்தார். கடைசியில் போனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லாதப்பவே போறதுக்குத்தாண்டி இது," என்று சொல்லி, முப்பது வயது தாண்டிய எல்லோர் பெயரையும் அக்காவே எழுதிக் கொடுத்தார். காஜாவுக்குப் பன்னிரண்டாம் டோக்கன். அவருக்கு முப்பத்தொன்றாம் டோக்கன்.

முகாமன்று பன்னிரண்டைக் கூப்பிட்டபோது காஜாவின் பக்கத்தில் சட்டைகள் இடுப்புயரம் குவிந்திருந்தன. லைனுக்கு ஒரே ஒரு காஜா மெஷின். அது நின்றால் பின்னால் எல்லாமே நிற்கும். ஆள் வராத நாளில் அக்கா காலரைத் தூக்கிக் கை தைக்கப் போடுவார், பாக்கெட்டைத் தூக்கிக் காலர் தைக்கப் போடுவார்; அதே வேகத்தில் டோக்கனையும் மாற்றினார். "நீ சாப்பாட்டுக்கு அப்புறம் என் நம்பர்ல போ."

பன்னிரண்டில் அக்காவே போனார். திரைக்குப் பின்னால் நர்ஸ் நம்பரைத்தான் கேட்டார், பெயரைக் கேட்கவில்லை. சின்ன பிரஷ் ஒன்று; மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்கு நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"முப்பத்தொண்ணாம் நம்பர் உங்களோடதுதானேம்மா? இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய வைரஸ் இருக்குன்னு வந்திருக்கு. பயப்படாதீங்க, புற்றுநோய்னு அர்த்தம் இல்ல. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கன்னா டாக்டர் நேரா பார்த்துடுவாங்க."

'பயப்படாதீங்க' வரைக்கும்தான் அக்காவின் காதில் விழுந்தது.

இரண்டு நாள் அவர் அவராகவே இல்லை. இருபது வருடமாக இருக்கும் இடுப்பு வலிக்குத் திடீரென்று அர்த்தம் வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து முறை கழிப்பறைக்குப் போய்த் துணியைப் பார்த்தார். சித்தியின் கட்டில் கண்ணிலேயே நின்றது. "என்ன, லைன்ல டார்கெட் முடியலையா?" என்று கணவர் கேட்டதற்கு ஆமாம் என்றார். மகளைக் கூப்பிட்டு பீரோச் சாவி இருக்கும் இடத்தைக் காட்டினார்.

"எங்கம்மா கிளம்புற?" என்றாள் மகள்.

மூன்றாம் நாள் காஜா மெஷினில் நூல் அறுந்து அறுந்து போனது. சட்டைகள் குவிந்தன. அக்கா கத்தினார்.

"கத்தாதீங்கக்கா," என்றாள் காஜா, ஊசியில் நூல் கோத்தபடி. "இன்னிக்கும் ஒரு டோக்கன் மாத்திக் குடுங்க, நிம்மதியா போய்ப் படுத்துட்டு வரேன்."

அக்கா கத்துவதை நிறுத்தினார். பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொன்றில் போனது இவள்.

முதலில் வந்தது சந்தோஷம். எனக்கில்லை, எனக்கில்லை என்று மனசு குதித்தது. அடுத்த நொடி காஜா சிரித்துக்கொண்டே பெடலை மிதித்தாள். அக்காவின் மனசு குதிப்பதை நிறுத்தியது. காஜாவுக்கு வயது முப்பத்து மூன்று. இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். பன்னிரண்டாம் நம்பருக்கு வந்த செய்தியை லைன் முழுக்கக் காட்டியிருந்தாள்: ஒன்றும் இல்லை, ஐந்து வருடம் கழித்து வாருங்கள். அக்கா வாயைத் திறக்காவிட்டால் இவள் ஐந்து வருடம் அந்தப் பக்கமே போகமாட்டாள். டோக்கன் மாறியது வேறு யாருக்கும் தெரியாது.

துணி உருளைகள் அடுக்கிய அறைக்குள் போய் நர்ஸுக்குப் போன் செய்தார். டோக்கன் மாறியதைச் சொன்னார்.

"நாங்களும் பேரைக் கேட்டிருக்கணும்," என்றார் நர்ஸ். "வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ரெண்டு பேரும் வாங்க. சந்தேகமே வேண்டாம், மறுபடி எடுத்துடலாம். இந்த வைரஸ் நிறைய பேருக்குத் தானாவே போயிடும்மா. தங்கிட்டாலும் புற்றுநோயா மாறப் பல வருஷம் ஆகும். அதுக்குள்ள பார்த்துட்டா, மாறின இடத்தை மட்டும் சரி பண்ணிடலாம். அவங்ககிட்ட நீங்களே சொல்றீங்களா?"

அக்கா திரும்பி வந்து காஜா மெஷினின் சுவிட்சை அணைத்தார். ஒன்பது வருடத்தில் அதை அவர் தொட்டதில்லை. பக்கத்து மெஷின்களும் மெதுவாயின.

நடந்ததைச் சொன்னதும் காஜா சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அப்போ நான் சந்தோஷப்பட்டது உங்க ரிசல்ட்டுக்கா?"

"ஆமா."

"நான் செத்துடுவேனாக்கா?"

நர்ஸ் சொன்னதை அக்கா முன்னும் பின்னுமாகச் சொன்னார். தானாவே போயிடும், பல வருஷம் ஆகும், இது புற்றுநோய் இல்ல. தன் குரலே தனக்கு நம்பிக்கை தரவில்லை.

"நாலு சட்டைக்காகத்தானே என்னை மாத்துனீங்க."

"ஆமாண்டி. தப்புதான்."

காஜா சுவிட்சைப் போட்டு மூன்று துளை போட்டாள். மூன்றும் கோணல். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை மணிக்கு?"

"வியாழக்கிழமை ஒன்பதரைக்கு. நானும் வரேன். எனக்கும் எடுக்கணும்."

"மெஷின்?"

"நிக்கட்டும்."

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு இருவரும் தங்கள் பெயரைச் சொல்லி உள்ளே போவார்கள். மூன்றாம் லைனில் மதியம்வரை காஜா போட ஆள் இருக்காது.